நாற்பத்தொரு சதவீதப் பேச்சு

புதன்கிழமை காலை அக்கா தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, திட்டு பாதியில் இருக்கையில், சார்ஜர் செத்துப்போனது. ஊரில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய் நிற்கிறவனுக்கு, கூடப் பிறந்தவள் வீட்டுச் சமையலறைக் குழாயைப் பார்க்க மட்டும் மூன்று வாரமாக நேரமில்லை என்பது குற்றச்சாட்டு. தம்பி குழாய் வேலைக்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் பையை இறக்கிவைப்பதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவார். அதனால் அவருக்கு வாஷர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அக்காவுக்குக் குரல்வளை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் வந்த கட்டியோடு சேர்த்து அதையும் எடுத்துவிட்டார்கள். மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் கட்டிய வெள்ளைத் துணி. பேச வேண்டியதை லேப்டாப்பில் தட்டினால் அது வாய்விட்டுச் சொல்லும். இருபது வயதுப் பெண்ணின் குரல் அது, வானிலை அறிக்கை வாசிக்கிற குரல். "நீயெல்லாம் ஒரு தம்பியா" என்பதைக்கூட, நாளை லேசான மழைக்கு வாய்ப்பு என்கிற மாதிரிதான் சொல்லும். வைத்தியத்தில் கையும் நடுங்கத் தொடங்கிவிட்டதால் பேனா பிடித்தால் கோழி கிளறியது போல இருக்கும். போனில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருப்பதால் ஒன்றைத் தொட்டால் மூன்று விழும். லேப்டாப்பின் பெரிய விசைகள் மட்டும்தான் அவள் ஆள்காட்டி விரல்களுக்குக் கட்டுப்பட்டன. ஆக, லேப்டாப்தான் வாய்.

"நீயெல்லாம்" என்று சொன்னதோடு திரை ஓரத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. மின்சாரம் வரவில்லை, நாற்பத்தொரு சதவீதம் மீதி. வாஷர் சார்ஜரை எடுத்துப் பார்த்தார். செருகும் முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, கம்பி தொளதொளவென்று மடங்கியது.

"உள்ள கம்பி அறுந்திருக்கு. கத்தி இருக்கு. வெட்டி முறுக்கிடறேன்" என்று கையைப் பைக்குள் விட்டார்.

அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வுபெற்றவள் அவள். காகிதத்தின்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை பலருக்குத் தெய்வத்தின்மேல்கூட இருக்காது. கோப்பிலிருந்து ரசீதை எடுத்தாள். உத்தரவாத அட்டையை எடுத்தாள். இரண்டு வருட உத்தரவாதத்தில் எட்டு மாதம் பாக்கி. அட்டையின் பின்பக்கத்தில், பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று போட்டிருந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து இரண்டே வார்த்தை சொன்னாள்.

"முறைப்படி போ."

வாஷர் முறைப்படி போனார்.

கம்பெனியின் பழுதுபார்க்கும் இடத்துக்கு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம்' என்று பெயர். கண்ணாடிக் கதவு, முகம் தெரிகிற தரை, நாற்பது நாற்காலி, அதில் நாற்பது பேர். ஒருவர் முகத்திலும் பலகையில் எழுதியிருந்தது இல்லை. சுவரில் சிரிக்கிறவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. வாஷர் சீட்டு வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தார். முறை வந்ததும், 'மகிழ்ச்சித் தோழி' என்று சட்டையில் குத்தியிருந்த பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

"ஒரு புகார்மா" என்று தொடங்கினார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். "இங்க அந்த வார்த்தை இல்ல சார். அனுபவம்னு சொல்லுங்க."

"என்ன அனுபவம்?"

"உங்க அனுபவம். சார்ஜர் வேலை செய்யலங்கற உங்க அனுபவம்."

"சார்ஜர் வேலை செய்யலம்மா. அது என் அனுபவம் இல்ல, அதோட நிலைமை."

அவள் எதையோ தட்டினாள். "லேப்டாப் கொண்டுவந்திருக்கீங்களா? அதுல எவ்வளவு சார்ஜ் இருக்கு?"

"வீட்டுல இருக்கு. நாப்பது இருக்கும்."

"அம்பது இருக்கணும் சார். அம்பதுக்குக் கீழ இருந்தா சார்ஜரைச் சோதிக்க முடியாது. பாதுகாப்பு விதி. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வீட்டுக்குப் போய் நல்லா சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க."

வாஷர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். வேண்டுமென்றே சொல்கிறாளோ என்று பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை. முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"எதால சார்ஜ் போடறது?"

"உங்க சார்ஜரால சார். வேற கம்பெனி சார்ஜர் போட்டீங்கன்னா லேப்டாப் உத்தரவாதமே போயிடும். அது வேற முனையை ஏத்துக்கவும் ஏத்துக்காது."

"புதுசு ஒண்ணு காசு குடுத்து வாங்கிக்கறேனே."

"தனியா விக்கறதில்ல சார். பழைய சார்ஜரோட அனுபவம் நிறைவு பெற்ற பிறகுதான் புதுசு தருவோம்."

"சரி, அதோ அந்த மேசையில லேப்டாப் இருக்கே, அதுல சொருகிப் பாருங்களேன்."

"அது காட்சிக்கு வெச்சது. உள்ள ஒண்ணும் கிடையாது."

"நீங்க தட்டிட்டு இருக்கீங்களே, இதுல?"

அந்தப் பெண் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "இது வேற கம்பெனி லேப்டாப் சார். எங்களுக்கு வேலை நிக்கக்கூடாதில்ல."

லேப்டாப்பே இல்லாமல், சார்ஜரை மட்டும் 'தனி அனுபவமாக'ப் பதிவு செய்ய ஒரு வழி இருப்பதாக அவளே பிறகு சொன்னாள். ஆனால் ரசீது அக்கா பெயரில் இருப்பதால், உரிமையாளர் உதவி எண்ணைக் கூப்பிட்டு வாய்மொழியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சார், ரெண்டு நிமிஷ வேலை என்றாள்.

அந்த இரண்டு நிமிட வேலை நான்கு நாள் நடந்தது. உதவி எண்ணில் எப்போதும் ஓர் இயந்திரக் குரல்தான் வந்தது. சார்ஜர் பற்றிய அனுபவம் என்றால் 'ஆம்' என்று சொல்லவும் என்றது. வாஷர் ஒரு மாடி வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்றபடி "ஆமா" என்றார். புரியவில்லை என்றது. "ஆம்" என்றார். அது தொட்டிக்குள் மோதி "ஆம் ஆம் ஆம்" என்று திரும்பியது. மூன்றும் புரியவில்லை, நன்றி, வணக்கம் என்று சொல்லிக் குரல் போய்விட்டது. அடுத்த நாள் ஒரு குளியலறையிலிருந்து கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் ஒரு கிடங்கின் பின்னால், குழி வெட்டிய இடத்தில் நின்று கூப்பிட்டார். கீழே குழாய் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த ஆள், "யாருண்ணே, கல்யாணத்துக்குச் சம்மதம் கேக்கறாங்களா? இத்தனை தடவை ஆம்ங்கறீங்க" என்று கேட்டான்.

நான்காம் நாள், அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மனிதன் கிடைத்தான்.

"உரிமையாளரைப் பேசச் சொல்லுங்க சார்."

"அவங்களால பேச முடியாதுங்க. தொண்டையில ஆபரேஷன். குரலே இல்ல."

"புரியுது சார். ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா அதை அவங்களே சொல்லணும்."

"எதை?"

"பேச முடியாதுங்கறதை."

வாஷர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "தம்பி, பேச முடியாதவங்க பேச முடியாதுன்னு எப்படிப் பேசுவாங்க?"

"வேற யாராச்சும் உங்க பேர்ல சம்மதம் குடுத்துடக்கூடாதுல்ல சார். உங்க பாதுகாப்புக்காகத்தான்."

அக்கா கையை நீட்டினாள். அதுவரை அந்த வீட்டில் லேப்டாப் அதிகம் திறக்கப்படவில்லை. ஒரு நாளைக்கு நான்கு வாக்கியம் என்று அவளே கணக்கு வைத்திருந்தாள். பழக்கடைக்காரரிடம் கையைக் காட்டி வாங்கினாள். அவர் அவளுக்குக் காது கேட்காது என்று முடிவுகட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். எதிர்வீட்டு அம்மா வந்து அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டு, "உங்ககிட்ட சொன்னாதான் நிம்மதி, நீங்க எதுவும் சொல்லமாட்டீங்க" என்று போனாள். அதற்குச் சொல்ல அக்காவிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சதவீதமாவது ஆகும் என்று விழுங்கிக்கொண்டாள். மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டர் விழுங்க முடிகிறதா, வலி எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று கேட்டதற்கு மட்டும் ஆறு சதவீதம் போயிற்று. இப்போது இருப்பது இருபத்தொன்பது.

லேப்டாப்பைத் திறந்து தட்டினாள். வானிலைப் பெண் போனுக்குள் தெளிவாகச் சொன்னாள்: "எனக்குக் குரல் இல்லை. என் தம்பி எனக்காகப் பேசுவான். எனக்குச் சம்மதம்."

"சார், இது மெஷின் குரல். மெஷின் குரலை ஏத்துக்க முடியாது."

"நாலு நாளா உங்க மெஷினோடதானே நான் பேசிட்டு இருந்தேன்?"

"அது கம்பெனி மெஷின் சார்."

வாஷர் போனை அக்காவின் கழுத்துப் பக்கம் பிடித்தார். அவள் மூச்சை இழுத்துவிட்டாள். துளை வழியாகக் காற்று வந்து போகிற சத்தம் கேட்டது. சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தது போன்ற சத்தம். இரண்டு வருடமாக யாருக்கும் கேட்கக்கூடாது என்று அவள் துணி கட்டி மறைத்து வைத்திருந்த சத்தம்.

"லைன் சரியில்ல மேடம். கொஞ்சம் வாயைத் திறந்து பேசுங்க" என்றான் அவன்.

அக்கா துணியை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் டாக்டரிடம் கடிதம் வாங்கி, மையத்தில் நீட்டி, உரிமையாளர் நேரில் வந்து நின்று, வாயைத் திறந்து காட்டி, பதிவு நடந்தது. சார்ஜரை நீலத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆய்வு நிபுணர் இருந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். முகக்கவசம் கட்டிக்கொண்டார். சார்ஜரை நான்கு பக்கமும் படம் எடுத்தார். எடை போட்டார். முகர்ந்துகூடப் பார்த்தார். மின்சாரத்தில் மட்டும் செருகிப் பார்க்கவில்லை. அறுந்த இடத்தை வாஷர் வெளியே நின்று விரலால் சுட்டிச் சுட்டிக் காட்டினார். நிபுணர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அரை மணி கழித்து வெளியே வந்து கேட்டார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"குழாய் வேலைங்க."

நிபுணரின் முகம் தெளிந்தது. நெடுநாள் விடுகதைக்கு விடை கிடைத்த முகம். "குழாய்னா தண்ணிதானே?"

"சில வீட்டுல காத்துதான் வருது."

"இந்தச் சார்ஜரைத் தொட்டிருக்கீங்களா?"

"தொட்டுதான் கொண்டுவந்தேன்."

அவர் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். சாதனம் தண்ணீரோடு தொழில்முறையில் தொடர்புடைய நபரால் கையாளப்பட்டுள்ளது. நீர்ச் சூழல். உத்தரவாதம் பொருந்தாது.

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்கா பாருங்க" என்றார் வாஷர். "பட்டிருந்தா இங்கயே குடிச்சிடறேன்."

"தண்ணி படணும்னு அவசியம் இல்ல சார். சூழல் இருந்தா போதும்."

அன்றைக்குத்தான் வாஷருக்கு ரத்தம் தலைக்கேறியது. மேலாளரைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள். மேலாளர் எழுந்து வந்து, இரண்டு கையாலும் வாஷரின் கையைப் பிடித்துக்கொண்டார். மணம் வீசினார்.

"உக்காருங்க. தண்ணி சாப்பிடறீங்களா?" என்று கேட்டவர், அறிக்கையைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், உங்களுக்கு அதுதான் பிரச்சினை" என்று டம்ளரைத் தள்ளிவைத்தார்.

வாஷர் நடந்ததையெல்லாம் சொன்னார். மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"சார், மனசு விட்டுச் சொல்றேன். நாங்க சார்ஜர் விக்கல. லேப்டாப் விக்கல. நம்பிக்கையை விக்கறோம். நம்பிக்கை பழுதாகுமா? ஆகாது. ஆகாததுக்குத்தான் தைரியமா ரெண்டு வருஷம் உத்தரவாதம் குடுக்கறோம். அங்க பாருங்க." அவர் காட்டிய அலமாரியில் ஒரு கேடயம் இருந்தது. "தலைமை அலுவலகம் குடுத்தது. எதுக்குன்னு கேளுங்க."

"எதுக்கு?"

"போன வருஷம் நாங்க மாத்திக் குடுத்த சார்ஜர் எத்தனை தெரியுமா? பூஜ்யம். ஒண்ணுகூட இல்ல. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு. அப்போ ஒரு பலவீனமான மனுஷன் இந்த நாற்காலியில இருந்தார். பாவம், பழுதாப் போச்சுன்னு யார் வந்து சொன்னாலும் மாத்திக் குடுத்துடுவார். இப்போ பூஜ்யம். பூஜ்யம்னா என்ன அர்த்தம்? எங்க சார்ஜர்ல குறையே இல்லன்னு அர்த்தம். உங்களுக்கு ஒண்ணு மாத்திக் குடுத்தா, குறை இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. உங்க அக்காவுக்காக நான் உண்மையைப் பொய்யாக்கணுமா சார்?"

வாஷர் வாயடைத்துப் போனார். இதுவரை அக்காவுக்குத்தான் பேச்சில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் அவர் தோளில் தட்டினார். "இருந்தாலும் நாங்களும் மனுஷங்கதான். மாசம் ஒரு தடவை பரிவுக் குழு கூடும். உரிமையாளரைக் கூட்டிட்டு வாங்க. அவங்க தன் சொந்த வார்த்தையில கேக்கட்டும்."

குழு கூட இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறு நாளும் வாஷர் தினமும் அக்கா வீட்டுக்கு வந்தார். வந்து என்ன செய்வது என்று தெரியாமல், உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் தலையாட்டியே பேசிக்கொண்டார்கள். லேப்டாப்பை இரும்பு அலமாரியில் நகைகளோடு வைத்துப் பூட்டியிருந்தாள். திறக்காமலே வைத்திருந்தாலும் அது உள்ளே கிடந்து கரைந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் அவர் மூன்று மாடி ஏறியிறங்கிக் களைத்து வந்து உட்கார்ந்தார். அக்கா அலமாரியைத் திறந்து லேப்டாப்பை எடுத்துவந்து, மடியில் வைத்து, நிதானமாக ஒரு வார்த்தை தட்டினாள்.

"சாப்பிட்டியா?"

வாஷருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைக் கேக்கவா மெஷினைத் திறந்தே? கையைக் காட்டினா எனக்குப் புரியாதா? இது திறந்து மூடறதுக்கே ஒரு பர்சென்ட் தின்னும்."

அக்கா மூடிவைத்துவிட்டுச் சோறு போட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் அக்காவிடமிருந்து அவர் கேட்ட ஒரே குரல் அது.

குழு கூடிய அன்று நான்கு சதவீதம் இருந்தது. என்ன கேட்பது என்று அக்கா மனதுக்குள்ளேயே எழுதி, அடித்து, திருத்தி, மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். முப்பத்தோரு வருடம் மனு எழுதிய கை. பதினொரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

குழுவில் மேலாளரும் ஆய்வு நிபுணரும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் இருந்தார்கள். மேசைமேல் 'பரிவு' என்று எழுதிய பலகை இருந்தது. தலைமை அலுவலக அம்மா கேட்டாள். "சொல்லுங்கம்மா. எந்தத் தயக்கமும் வேண்டாம். உங்க வீடு மாதிரி நினைச்சுப் பேசுங்க."

மெஷின் குரல் செல்லுமா என்று வாஷர் முன்னெச்சரிக்கையாகக் கேட்டார். பரிவின் அடிப்படையில் செல்லும் என்று சொன்னார்கள்.

அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். திரை வெளுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு எழுத்துகள் வந்தன. உங்கள் அனுபவத்தை மேலும் மகிழ்ச்சியாக்குகிறோம். புதிய மேம்பாடுகள்: இருபத்தேழில் ஒன்று. தயவுசெய்து அணைக்க வேண்டாம்.

"ஆஹா" என்றார் மேலாளர். "பாத்தீங்களா மேடம். கேக்காமலே குடுக்கறோம்."

இருபத்தேழில் ஐந்து. மூன்று சதவீதம். அக்கா திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஆய்வு நிபுணர் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையசைத்து ரசித்தார். இருபத்தேழில் பதினாறு. இரண்டு சதவீதம். தலைமை அலுவலக அம்மா பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். வாஷர், கடைசி வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழில் இருபத்தேழு. நன்றி. ஒரு சதவீதம்.

அக்கா இரண்டு விரலால் அவசர அவசரமாகத் தட்டினாள். முழுதும் தட்டுவதற்குள் போய்விடும் என்று பயந்து, தட்டியவரைக்கும் பேச விட்டாள். வானிலைப் பெண் இனிமையாகச் சொன்னாள்:

"நான் உங்களிடம் கேட்பது."

திரை கறுத்தது.

அக்கா விசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தாள். செத்த விசைகளின் சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்டது.

"கேட்பது?" என்றாள் தலைமை அலுவலக அம்மா.

"சார்ஜர்" என்றார் வாஷர். "சார்ஜர்தாங்க கேக்கறாங்க. வேற என்ன கேப்பாங்க?"

"நீங்க சொல்லக்கூடாது. அவங்க சொந்த வார்த்தையில கேக்கணும்." அம்மா இரண்டு நிமிடம் பரிவோடு காத்திருந்தாள். பிறகு மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் எழுதினார். உரிமையாளர் நேரில் வந்தார். முழு வாய்ப்பு அளிக்கப்பட்டது. எதுவும் கேட்கவில்லை. அனுபவம் நிறைவு பெற்றது.

கிளம்பும்போது அக்காவின் கையில் ஒரு புதுச் சார்ஜர் பெட்டியைக் கொடுத்தார்கள். ஒரு கணம் வாஷருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அக்கா பெட்டியைக் கையில் வாங்கியதுமே அதன் எடையில் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, கண்ணை அகல விரித்து மேலாளரைப் பார்த்தாள். அந்த நொடியில் படம் எடுத்தார்கள். எடுத்தவுடன் காலிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, பழைய சார்ஜரைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி வாஷருக்குச் செய்தி வந்தது. போய்க் கையெழுத்துப் போட்டார். சார்ஜரை வெள்ளை உறையில் போட்டு, நன்றிக் கடிதம் வைத்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது சுவரைப் பார்த்தார்.

சிரிக்கிறவர்களின் வரிசையில் அக்கா இருந்தாள். ஆளுயரப் படம். கையில் பெட்டி. கழுத்துத் துணியை யாரோ அழகாக நிறம் மாற்றியிருந்தார்கள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது:

'சொல்ல எனக்கு வார்த்தையே இல்லை.'

அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், மகிழ்ந்த வாடிக்கையாளர்.

வாஷர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. யாரோ வழிவிடச் சொல்லி இடித்துக்கொண்டு போனார்கள். நாற்பது வருடமாக மற்றவர்கள் வீட்டுச் சாக்கடையில் கைவிட்டவர். எந்த நாற்றத்துக்கும் வாந்தி வந்ததில்லை. இப்போது வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனார். எதுவும் கேட்காமல் கத்தியை எடுத்தார். அக்கா தடுக்கவில்லை. முனையிலிருந்து ஓர் அங்குலத்தில் வெட்டினார், அறுந்த கம்பியைச் சீவி முறுக்கினார், கறுப்பு நாடாவைச் சுற்றினார். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. செருகியதும் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பால் பொங்கி வழிந்தது.

அதன்பிறகுதான் வாஷர் படத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தார், முடியவில்லை. அக்கா அந்த வரியை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். சொன்னார். அவள் தட்டினாள்.

"நாளைக்குக் காலையில என்னை அங்க கூட்டிட்டுப் போ."

காலை பத்து மணிக்குப் போனார்கள். அக்கா சீட்டு வாங்கவில்லை. தன் படத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டினாள்.

"இந்தப் படத்தில் இருப்பது நான்தான். எனக்கு வார்த்தை இருக்கிறது. கேளுங்கள்" என்றது வானிலைக் குரல்.

நாற்பது தலைகள் திரும்பின. அக்கா தேதிவாரியாகச் சொன்னாள். முந்தின நாள் மாலையெல்லாம் உட்கார்ந்து தட்டி வைத்திருந்தது. எந்த நாள், எத்தனை மணி நேரம், யார், என்ன சொன்னார், அதற்கு என்ன விதி, அந்த விதி அட்டையில் எங்கேயும் இல்லாதது. வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. வாயைத் திறந்து காட்டச் சொன்னதைச் சொன்னாள். கழுத்துத் துளையின் சத்தத்தைக் கேட்டு லைன் சரியில்லை என்றவனைச் சொன்னாள். காலிப் பெட்டியைச் சொன்னாள். நடுவில் ஒரு முதியவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, "எனக்கும் அம்பது பர்சென்ட் கேட்டாங்க" என்றார். இன்னொருத்தி, தன் கணவன் மீன் விற்பதால் நீர்ச் சூழல் என்று எழுதிவிட்டதாகச் சொன்னாள். கூட்டம் மெல்ல மெல்ல நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டது. மகிழ்ச்சித் தோழி தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாஷர் சுவரோரம் நின்று அக்காவையே பார்த்தார். அவள் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது.

இரண்டேகால் மணி நேரம் பேசினாள். கடைசி வாக்கியம் முடிந்தபோது, கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் வெளியே வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

மேலாளர் கைதட்டினார். நிதானமாக, மனமார, கண் கலங்கத் தட்டினார்.

"எல்லாரும் பாத்தீங்க இல்லையா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னா விளம்பரம்னு சொல்வீங்க. உங்க கண்ணால பாத்தீங்க. சார்ஜரே சொருகாம, இடைவிடாம, ரெண்டே கால் மணி நேரம். இதுதான் எங்க பேட்டரி." படம் எடுக்கிறவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பிறகு அக்காவின் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், உண்மையான அன்போடு சொன்னார். "அம்மா, இவ்வளவு நல்லா ஓடுது. இதுக்கு எதுக்கும்மா சார்ஜர்?"

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விரல்கள் விசைகளின்மேல் போய், அங்கேயே நின்றன. பிறகு லேப்டாப்பை மெல்ல மூடித் தம்பியிடம் கொடுத்தாள். எழுந்து நின்றாள். வாழ்நாளில் தெருவில்கூட ஒரு காகிதத் துண்டைப் போட்டிராத அந்தத் தலைமை எழுத்தர், முகம் தெரிகிற அந்தத் தரையில், மேலாளரின் காலணிகளுக்கு நடுவே, எச்சிலை உமிழ்ந்தாள். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து வெளியே போனாள்.

அதற்குச் சார்ஜர் தேவைப்படவில்லை.